கனகசபாபதியின் கதவு

வெள்ளவத்தை
11 பெப்ரவரி 2007

அன்புள்ள ஹியூபேட்,

நீர் அனுப்பிய தடித்த உறை வியாழக்கிழமை கிடைத்தது. மரவேலைக் குழுவின் மடல்கள், பிறின்ற் எடுத்தபடி இருபத்தாறு பக்கங்கள். வரிசை குழம்பியிருந்தது, பக்க எண் போட்டுச் சீராக்கினேன். குறை சொல்வதாக எண்ணவேண்டாம்.

நான் செய்த புத்தகத் தாங்கியின் படத்தைப் பார்த்து, குழுவிலுள்ள வேல்ஸ்காரர் மூட்டுகள் சுத்தம் என்று எழுதியிருக்கிறார். நான்கு தரம் வாசித்தேன். ஐந்தாம் தரம், அவர் எல்லோருக்கும் அப்படித்தான் எழுதுகிறாரோ என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். இருவருக்கு மட்டும் எழுதவில்லை. ஆகவே முழுக்க நம்பவும் முடியவில்லை, நம்பாமலும் இருக்க முடியவில்லை. எப்படியானாலும், சாப்பாட்டு மேசையில் பலகை போட்டு அறுக்கிற எழுபத்துமூன்று வயதுக் கிழவனுக்கு உலகம் முழுவதும் மரவேலைச் சிநேகிதர்கள் கிடைத்தது உம்மாலும், உமது மகள் மாக்ரெட் இத்தாலிக்குப் போகும்போது விட்டுப்போன கொம்பியூற்றராலும்தான்.

நான் தாளில் எழுதுவதை நீர் உமது பெயரில் அடித்துப் போடுகிறீர். என் பெயர் வெளிநாட்டு இணையத்தில் கிடப்பது இந்தக் காலத்தில் நல்லதல்ல என்று நான் சொன்னபோது நீர் சிரித்தீர், ஆனால் சம்மதித்தீர். அந்த ஒழுங்கு இப்போது வேறொரு விதத்தில் நல்லதாகிவிட்டது.

பத்தொன்பதாம் பக்கத்தை எடுத்துப் பாரும். புதிதாகச் சேர்கிறவர்கள் தங்கள் வேலைமேசையின் படத்தைப் போடவேண்டும் என்பது குழுவின் விதி அல்லவா. கனடா, ஸ்காபரோவிலிருந்து ஒருவர் போட்டிருக்கிறார். மேசை புதிது. சீவுளி புதிது. மேசைக்குப் பின்னால் நின்று சிரிக்கிறவர் பழையவர். பெயரையும் மறைக்கவில்லை: கனகசபாபதி. அவருடைய வீட்டின் மேல்மாடியில் பதினொரு வருடம் வாடகைக்கு இருந்தேன். என் மகன் தயாபரன் பதினான்கு மாதம் உள்ளே இருந்ததற்குக் காரணமானவர்.

காரணமானவர் என்று நான் நம்புகிறவர் என எழுதுவதே சரி.

அவருக்கு இப்போதைக்கு ஒன்றும் எழுதவேண்டாம்.

அன்புடன்
சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
18.2.2007

சுந்தரம் அண்ணைக்கு,

எழுதவேண்டாம் என்ற உங்கள் கடிதம் வர முதலே அந்த மனுசன் எனக்கு எழுதிப்போட்டார். குழுவில் எல்லாரும் பார்க்கிற இடத்தில் அல்ல, தனி மடல். ஆங்கில எழுத்தில் தமிழ். “கொட்டாஞ்சேனையோ? எங்கட ஆளோ? நான் வெள்ளவத்தையில இருந்தனான்” என்று தொடங்கி ஒரு பக்கம். நான் ஓம் என்று மட்டும் பதில் போட்டேன். அவர் அதற்கு மூன்று பக்கம் எழுதினார்.

விசயம் இதுதான். அங்கே புதிதாகக் கோவில் எழும்புகிறதாம். ஆவணியில் கும்பாபிஷேகம். பிள்ளையார் சந்நிதிக்கு இரட்டைக் கதவு தன் கையாலேயே செய்து தருவதாகக் கொமிற்றியில் எழும்பிச் சொல்லிப்போட்டாராம். சொன்ன பிறகுதான் உளி பிடிக்கப் பழகுகிறார். வெள்ளைக்காரரிடம் கேட்க வெட்கம். நான் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் தச்சனாக இருந்தவன் என்று படத்துக்குக் கீழே போட்டிருக்கிறோம் அல்லவா, அதைப் பார்த்து என்னைப் பிடித்துக்கொண்டார்.

மனுசி புளோறன்ஸ் பின்னால் வந்து நின்று கேட்கிறாள்: “ஆரப்பா அந்தக் கனடாக்காரன்? எனக்கு ஒரு கதிரைக் காலைப் பூட்டித் தர நேரமில்லை, அவருக்கு மட்டும் டக்கு டக்கெண்டு தட்டுறீர்!”

அண்ணை, என்ன நடந்தது என்று முழுதாய்ச் சொல்லுங்கள். தயாபரன் உள்ளே இருந்தது தெரியும். இந்த ஆள் இடையில் எப்படி வந்தார் என்று நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஹியூபேட்


வெள்ளவத்தை
4 மார்ச் 2007

அன்புள்ள ஹியூபேட்,

முழுதாக எழுதுகிறேன். மூன்று தரம் எழுதிக் கிழித்தேன்.

1997 ஒக்ரோபரில் தயாபரன் யாழ்ப்பாணத்திலிருந்து திருகோணமலைக்குக் கப்பலில் வந்து, அங்கிருந்து எங்களிடம் வந்தான். வீட்டில் புதிதாக ஆள் தங்கினால் பொலிசில் பதியவேண்டும் என்பது உமக்குத் தெரியும். எங்கள் வீட்டில் வாடகைக்காரரின் படிவங்களை வீட்டுக்காரரே சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுப்பார். அவன் வந்த அன்றே நான் நான்கு பிரதி நிரப்பி, நான்காவதை எனக்கென வைத்துக்கொண்டு, பின்னேரம் மற்ற மூன்றையும் கீழே கொண்டுபோய்க் கொடுத்தேன். “அதில வைச்சிட்டுப் போங்கோ” என்றார். வைத்துவிட்டு வந்தேன்.

அவன் வந்த மூன்றாம் மாதம் ஒரு விடியற்காலை சுற்றிவளைப்பு. எல்லோரையும் வாசல் படலையடியில் நிறுத்தினார்கள். பொலிசிடம் இருந்த பட்டியலில் தயாபரனின் பெயர் இல்லை. அதிகாரி சிங்களத்தில் கனகசபாபதியைக் கேட்டார். அவர் கட்டியிருந்த சாரத்தைச் சரிசெய்துகொண்டு, “தகப்பன் போம் தரேல்லை. தந்திருந்தால் நான் பதிஞ்சிருப்பன்” என்று சிங்களத்திலும் சொல்லி, எங்களுக்கு விளங்கத் தமிழிலும் சொன்னார்.

நான் அங்கேதான் நின்றேன். நான்காவது பிரதி மேலே என் கடுதாசிக் கோவையில் இருந்தது. இருபத்திரண்டு படி. என் கால் எழும்பவில்லை. தயாபரன் ஜீப்பில் ஏறும்போது என்னைத்தான் பார்த்தான்.

பிறகு சட்டத்தரணி சொன்னார்: உங்களிடம் பிரதி இருப்பது நீங்கள் எழுதினீர்கள் என்பதற்குத்தான் சாட்சி, கொடுத்தீர்கள் என்பதற்கு அல்ல. அதுதான் என்னைத் தின்றது. தயாபரன் வெளியே வந்த அன்று கனகசபாபதி அவனை மறித்து, “கொப்பர் மறந்திட்டார் தம்பி, வயசு போகுது” என்றார். அவன் நம்பினான். 2000ஆம் ஆண்டு பாரிசுக்குப் போனான். வருடத்துக்கு ஒரு பொங்கல் வாழ்த்து மட்டை வரும். உள்ளே கையெழுத்து மட்டும்.

இப்போது அந்த மனிதர் கோவிலுக்குக் கதவு செய்கிறார். கும்பாபிஷேகத்தன்று அவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள்.

நாம் அவருக்கு உதவுவோம், ஹியூபேட். நான் எழுதுகிறேன், நீர் வழமைபோல உமது பெயரில் அடியும். பலகை தெரிவு, சட்டத்தின் அளவு, மூட்டு வெட்டும் விதம் எல்லாம் நல்லபடியாகவே சொல்லிக்கொடுப்போம். அவர் நம்பட்டும். முதலாவது இத்துடன் இருக்கிறது.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
22.4.2007

சுந்தரம் அண்ணைக்கு,

நீங்கள் எழுதித் தந்தவை பதினொன்றும் போய்விட்டன. உங்கள் சிஷ்யன் நன்றாகத்தான் செய்கிறார், சொல்லத்தான் வேண்டும். ஆனால் நோண்டி நோண்டிக் கேட்கிறார். “உளியை எந்தக் கையால பிடிக்கிறது?” என்று ஒரு மடல். நான் என் பாட்டில், காலால் பிடிக்கிறதில்லை என்று பதில் போட்டேன். அதற்கும் நன்றி சொல்லியிருக்கிறார்.

கதவுச் சட்டம் முடிந்தது. இனி நடுப்பலகை. மேப்பிள் மரம், ஒவ்வொன்றும் பதினெட்டு அங்குல அகலம். எப்படிப் பொருத்துவது என்று கேட்கிறார். படம் இத்துடன்.

“ஹியூபேட் அண்ணை, நீங்கள் இல்லாட்டி நான் கொமிற்றிக்கு முன்னால நாறியிருப்பன்” என்று எழுதியிருக்கிறார். அதை வாசிக்க உங்களுக்கு எப்படி இருக்கும் என்று யோசித்தேன்.

ஹியூபேட்


வெள்ளவத்தை
29 ஏப்ரல் 2007

அன்புள்ள ஹியூபேட்,

இதற்காகத்தான் காத்திருந்தேன். கீழே உள்ளதை அப்படியே அடிக்கவும்.

“பலகையைச் சட்டத்தில் வெட்டிய காடிப் பள்ளத்துக்குள் இறுக்கமாக இறக்குங்கள். நான்கு பக்கமும் பசை பூசி ஒட்டிவிடுங்கள். தளர்வாக விட்டால் கோவில் கதவு கடகடவென்று ஆடும், பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள்.”

உமக்கு விளக்கத் தேவையில்லை. பலகை காற்றின் ஈரத்துக்கு அகலும், காய்ந்த காற்றுக்கு ஒடுங்கும். அதனால்தான் காடிக்குள் இடம் விட்டு, பசையில்லாமல் அதை நிறுத்துவோம். கனடாவில் மாரிக் குளிரில் கட்டடங்களைச் சூடாக்குவார்களாம், காற்று காய்ந்துவிடும். குழுவிலுள்ள தஸ்மேனியாக்காரர் தந்த அட்டவணையை வைத்துக் கணக்குப் பார்த்தேன். பதினெட்டு அங்குல மேப்பிள் கால் அங்குலத்துக்கு மேல் ஒடுங்கும். ஒட்டிய பலகைக்கு ஒடுங்க இடமில்லை. மேலிருந்து கீழ்வரை பிளக்கும். தை மாதமளவில், சனம் நிறைந்த ஒரு வெள்ளிக்கிழமை, பிள்ளையாருக்கு முன்னால்.

கணக்கைக் கௌரியிடம் கொடுத்துச் சரிபார்த்தேன். அடுத்த வீட்டுக் கணித ரீச்சர். எதற்கு என்று சொல்லவில்லை. சரி என்றார்.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
6.5.2007

சுந்தரம் அண்ணைக்கு,

மாதா சத்தியமாய், இதை அடிக்க எனக்கு மனம் வருகுதில்லை.

அந்த ஆளில் இரக்கப்பட்டுச் சொல்லவில்லை. அவர் எக்கேடும் கெடட்டும். ஆனால் பெயர் யாருடையது? ஹியூபேட், கொட்டாஞ்சேனை, துறைமுகத் தச்சன். முப்பத்தொரு வருடத்தில் நான் செய்து பூட்டிய ஒரு கதவும் பிளந்ததில்லை. என்னோடு வேலைசெய்த செபஸ்தியன் ஒருமுறை கப்டனின் அலுமாரிக்குப் பலகையை ஒட்டிப்போட்டான். கப்பல் ஏடன் தாண்ட முதல் வெடித்தது. அவனுக்குச் சாகும்வரை வெடிச் செபஸ்தியன் என்றுதான் பெயர். செத்த வீட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள்.

வேறு ஏதாவது யோசியுங்கள் அண்ணை. நாலு பேருக்கு முன்னால் நாலு வார்த்தை கேளுங்கள். கதவைப் பழிவாங்கி என்ன?

ஹியூபேட்


வெள்ளவத்தை
10 மே 2007

ஹியூபேட்,

நாலு பேருக்கு முன்னால் நாலு வார்த்தை கேட்கத் தெரிந்தவனாக இருந்திருந்தால் அன்று படலையடியிலேயே கேட்டிருப்பேன். எனக்குத் தெரிந்தது அளவு எடுப்பதும் எழுதுவதும்தான். நாற்பது வருடம் படவரைஞனாக அதைத்தான் செய்தேன்.

அடிக்க முடியாவிட்டால் சொல்லும். இங்கே காலி வீதியில் இன்ரநெற் கடை இருக்கிறது. நானே போய்ப் பழகுகிறேன்.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
14.5.2007

அண்ணை,

நடுப்பலகையைப் பற்றி அவருக்கு எழுதி அனுப்பியாகிவிட்டது. நன்றி என்று பதிலும் வந்தது.

இனி இதைப்பற்றி என்னிடம் கேட்கவேண்டாம். மற்றக் கடிதங்களை வழமைபோல் அனுப்புங்கள்.

ஹியூபேட்


வெள்ளவத்தை
17 ஜூன் 2007

அன்புள்ள ஹியூபேட்,

லொட்ஜுகளில் இருந்த எங்கள் தமிழ்ச் சனத்தைப் பொலிசார் பஸ்களில் ஏற்றி அனுப்பியது உமக்குத் தெரிந்திருக்கும். எங்கள் ஒழுங்கையிலும் சோதனைக்கு வந்தார்கள். ஒரு பொலிஸ் பொடியன், இருபது வயது இருக்கும், என் உளிகளைச் சுற்றிவைத்த துணியை விரித்து, “மே மொனவாத?”, இவை என்ன என்று கேட்டான். “லீ வெட” என்றேன். மரவேலை என்று. புத்தகத் தாங்கியைத் தூக்கிப் பார்த்தான். திருப்பித் திருப்பிப் பார்த்து, “ஹொந்தாய்” என்று வைத்துவிட்டுப் போனான். நல்லாயிருக்கிறதாம். பிறகு ஒரு மணித்தியாலம் கதிரையிலிருந்து என்னால் எழும்ப முடியவில்லை.

அப்படி இருந்தபோது ஒன்று யோசித்தேன். இவ்வளவு பயந்தவன் அன்றைக்கு உண்மையாகவே படிவத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேனா? கொடுக்கவேண்டும் என்று நினைத்துவிட்டு, கொடுத்ததாக மனதில் பதிந்துவிட்டதா? “அதில வைச்சிட்டுப் போங்கோ” என்று அவர் சொன்னது அந்தப் பின்னேரமா, முந்திய மாதமா? வாடகையோ படிவமோ, எதைக் கொடுத்தாலும் அதைத்தானே சொல்வார். ஒன்பது வருடமாக அந்தப் பின்னேரத்தைத் திரும்பத் திரும்ப நடந்து பார்க்கிறேன். ஒவ்வொரு தரமும் கையில் தாள் இருக்கிறது. ஆனால் எவ்வளவு தரம் நடந்தால் அது ஞாபகம், எவ்வளவு தரம் நடந்தால் கற்பனை?

நான் கொடுக்கவில்லையென்றால், குற்றமில்லாத ஒருவரின் கதவைப் பிளக்கவைத்திருக்கிறேன். கொடுத்திருந்தால், அது பிளக்கும் சத்தத்தை என் காதால் கேட்கவேண்டும்.

நீர் கேட்கவேண்டாம் என்று சொன்னதால் வேறொன்றும் கேட்கவில்லை.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
26.8.2007

சுந்தரம் அண்ணைக்கு,

இதைத் தபாலில் அனுப்பலாமா, நானே பஸ் பிடித்து வரலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். வந்தால் உங்கள் முகத்தைப் பார்க்கவேண்டும். அதனால் அனுப்புகிறேன்.

கும்பாபிஷேகம் முடிந்தது. கதவைச் சந்நிதியில் பொருத்தியாயிற்று. பொன்னாடையும் போர்த்தினார்களாம். அந்த ராத்திரியே எனக்கு ஒரு நீளமான மடல். ஆங்கில எழுத்தில் இருந்ததை ஒரு சொல்லும் மாற்றாமல் தமிழில் எழுதுகிறேன்:

“ஹியூபேட் அண்ணை, நீங்கள் வேதக்காரர். உங்கட ஆக்களுக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்டுப் பழக்கம். எங்களுக்கு அப்பிடி ஒண்டும் இல்லை. ஐயரிட்டைச் சொன்னால் ஊர் முழுக்கத் தெரியும். கோவிலுக்குக் கதவு செய்த கை, அதால உங்களிட்டை ஒண்டைச் சொல்லி முடிக்கிறன். என்ர வீட்டில ஒரு மனுசன் வாடகைக்கு இருந்தவர். உங்களைப் போலத்தான், எல்லாம் அளந்து அளந்து செய்யிற ஆள். ஆர் வந்தாலும் அண்டைக்கே போம் நிரப்பி மூண்டு பிரதி கொண்டந்து தருவார். பொலிசில வரிசையில நிக்க ஆருக்கு நேரம்? நான் மேசை லாச்சிக்குள்ள போட்டு மூடிடுவன். ஒருக்கா அவற்றை மகனைப் பிடிச்சிட்டாங்கள். போமை வைச்சிருந்தனெண்டு சொன்னால் என்னையும் ஏத்துவாங்கள் எண்ட பயத்தில, தகப்பன் தரேல்லை எண்டு சொல்லிப்போட்டன். பிறகு லாச்சியைத் திறந்து போமை எடுத்து எரிச்சிட்டன். பகிடி என்னெண்டால் அந்த மனுசன் என்னோட ஒரு சண்டைக்கும் வரேல்லை. தான்தான் மறந்திட்டன் எண்டு அவரும் நம்பியிட்டார் பாவம். சரி, சொல்லிப்போட்டன். இனி மனசுக்கு லேசாயிருக்கு.”

இவ்வளவுதான். அடுத்த வரியில் கதவு திறந்து மூடுகிற பிணைச்சலுக்கு எந்த எண்ணெய் நல்லது என்று கேட்கிறார்.

நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள், அண்ணை.

நான் என்ன பதில் போட? சொல்லுங்கள்.

ஹியூபேட்


வெள்ளவத்தை
30 ஆகஸ்ட் 2007

அன்புள்ள ஹியூபேட்,

அவருடைய மடலை, வந்தபடியே, இரண்டு பிரதி பிறின்ற் எடுத்து அனுப்பும். ஒன்று பாரிசுக்கு.

கீழே உள்ளதை அவருக்கு அனுப்பும். இது எனது பெயரில் போகவேண்டும். முகவரியையும் விடவேண்டாம்.

“கனகசபாபதி அவர்களுக்கு,

உங்களுக்கு இதுவரை ஆலோசனை எழுதியவர் ஹியூபேட் அல்ல. நான், உங்கள் மேல்மாடியில் இருந்த சிவபாதசுந்தரம். அந்த மகனின் தகப்பன்.

என் மகன் உள்ளே இருந்த பதினான்கு மாதமும், ஒவ்வொரு நாள் காலையும், இன்று என்ன செய்தி வரும் என்று காத்திருந்தேன். அது எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

உங்களுக்கு நான் எழுதிய பதினேழு ஆலோசனைகளில் ஒன்றில், தெரிந்துகொண்டே, ஒரு பிழை வைத்திருக்கிறேன். அதன்படி கதவைச் செய்து முடித்துவிட்டீர்கள். கோவிலைச் சூடாக்கத் தொடங்கியபின் ஒருநாள் அது வெளியே தெரியும். எந்த இடத்தில், எந்த நாளில் என்று சொல்லமாட்டேன்.

குழுவில் மற்றவர்களிடம் நீங்கள் கேட்கலாம். யார் பிழை வைத்தார், ஏன் வைத்தார் என்று அவர்கள் கேட்பார்கள். அப்போது லாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கும்.

பிணைச்சலுக்குத் தேங்காயெண்ணெய் போடவேண்டாம். சிக்குப் பிடிக்கும்.

வே. சிவபாதசுந்தரம்”

ஹியூபேட், இதை ஒரு தரமும் கிழிக்காமல் எழுதி முடித்தேன். அதைக் கவனித்தேன்.

சிவபாதசுந்தரம்


கொட்டாஞ்சேனை
25.11.2007

சுந்தரம் அண்ணைக்கு,

செப்ரெம்பரிலிருந்து அவர் எழுதிய மடல்கள் முழுவதும் இந்த உறைக்குள் இருக்கின்றன. நாற்பத்தொன்று. பக்க எண் போட்டிருக்கிறேன், சந்தோஷமா?

முதல் இரண்டும் ஏச்சு. மூன்றாவதில் “அண்ணை, எங்க எண்டு மட்டும் சொல்லுங்கோ.” பிறகு எல்லாம் அதுவே. ஒவ்வொரு நாளும் ஐயர் நடை திறக்க முதலே போய் நின்று கதவைத் தடவிப் பார்க்கிறாராம். காற்றின் ஈரம் அளக்க ஒரு கருவி வாங்கியிருக்கிறார். ஈரம் விடுகிற மெஷின் ஒன்றைக் கொண்டுபோய்ச் சந்நிதிக்கு முன்னால் வைத்தார். கொமிற்றி ஏன் என்று கேட்டதற்கு, பிள்ளையாருக்குக் குளிர்மை பிடிக்கும் என்றாராம்! வெள்ளிக்கிழமைகளில் சனம் கதவைத் தொட்டுக் கும்பிடும்போது, “தள்ளாதேங்கோ, தள்ளாதேங்கோ” என்று பக்கத்தில் நின்று கத்துகிறார். குழுவில் ஒருவரிடமும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கோபிப்பீர்கள். கோபியுங்கள்.

மே மாதத்தில் நான் அனுப்பியது உங்கள் கடிதம் அல்ல. பலகைக்கு ஒவ்வொரு பக்கமும் கால் அங்குலம் இடம் விடு, காடிக்குள் ஒரு துளி பசையும் படக்கூடாது என்று நானே எழுதி அனுப்பினேன். என் பெயரில் பிழையான ஒரு கதவு இந்த உலகத்தில் நிற்பதை என்னால் தாங்கமுடியாது, அண்ணை. அவர் அப்படியே செய்திருக்கிறார். படம் பார்த்தேன். அந்தக் கதவு நூறு வருடம் நிற்கும். பிளக்காது.

ஆனால் ஓகஸ்ட் கடிதத்தில் நான் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. பொய்யென்று தெரிந்துகொண்டுதான் அனுப்பினேன். அவர் உங்களைப் “பாவம்” என்று எழுதிய சொல்லை வாசித்தபிறகு விரல் தன்பாட்டில் அடித்தது. பங்குச் சுவாமியிடம் இன்னும் சொல்லவில்லை.

மனுசன் மெலிந்துபோனாராம். அவருக்கு உண்மையைச் சொல்லிவிடட்டா? நீங்கள் சொன்னால் இன்றைக்கே அடிக்கிறேன்.

ஹியூபேட்


வெள்ளவத்தை
2 டிசம்பர் 2007

அன்புள்ள ஹியூபேட்,

இரண்டு நாள் உம்மில் கோபமாக இருந்தேன். நீர் அனுப்பிய நாற்பத்தொரு மடல்களையும் வாசித்து முடித்த பிறகு கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை பாரிசிலிருந்து தயாபரன் ரெலிபோன் எடுத்தான். ஏழு வருடத்துக்குப் பிறகு குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது. நான் அனுப்பிய அந்த மடலின் பிரதி கிடைத்து இவ்வளவு நாளாயிற்று என்றான். பிறகு, “அப்பா, அந்தாளை விட்டிடாதேங்கோ” என்றான். “இல்லை” என்றேன்.

ஆகவே உமது கேள்விக்குப் பதில்: அடிக்கவேண்டாம்.

பிளந்திருந்தால் ஒருநாளோடு முடிந்திருக்கும். வெட்கப்படுவார், புதுப்பலகை போடுவார், மறப்பார். நீர் செய்தது அதைவிட நல்லது. இந்த மாரி போகும், பிளக்காது. அடுத்த மாரிதான் என்று நினைப்பார். மூட்டு மூட்டாகத் தட்டிப் பார்ப்பார், ஒன்றும் அகப்படாது.

என்னிடம் இல்லாத பிழையை நான் ஒன்பது வருடம் தேடினேன், ஹியூபேட். அவர் மூன்று மாதம்தான் தேடியிருக்கிறார்.

சிவபாதசுந்தரம்